1.8 கிலோ பார்சலுக்கு 14.5 கிலோ பில்: ஒரு கூரியர் கணக்கின் நிகழ்வு ஆய்வு

லேம்ப் ஷேட் செய்து விற்கும் ஒரு சிறு குழுவின் கூரியர் செலவைப் பற்றிய ஆய்வு இது. கம்பி வளையங்களில் துணி போர்த்திய கூம்பு வடிவ ஷேட், அதைத் தாங்கும் பீங்கான் அடிப்பாகம், இந்த இரண்டும்தான் அவர்களுடைய சரக்கு. ஆர்டர் குறைவாக இருந்த காலத்தில் ஒவ்வொரு பெட்டியையும் கூரியர் கவுன்டரில் நேரில் கொடுத்து, பணம் கட்டிவிட்டு வந்தார்கள். ஆர்டர் கூடியதும் அதே நிறுவனத்தில் மாதக் கணக்கு தொடங்கினார்கள். முதல் மாத பில் அவர்கள் போட்டு வைத்திருந்த மதிப்பீட்டைவிடப் பல மடங்காக வந்தது. டெலிவரி செலவையும் சேர்த்துத்தான் விலை சொல்லியிருந்தார்கள் என்பதால் வித்தியாசம் முழுக்க அவர்கள் தலையில் விழுந்தது. இந்தக் கட்டத்தில்தான் கணக்கைப் பார்த்துச் சொல்லும்படி என்னைக் கேட்டார்கள்.

கூரியரை மாற்றிவிடலாமா என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி. அதற்கு உடனே பதில் சொல்ல முடியாது. பார்சல் செலவின் பெரும்பகுதி பேக்கிங் மேசையிலேயே முடிவாகிவிடுகிறது. பெட்டியைச் சரிசெய்யாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றினால், அதே பில் வேறு பெயரில் வரும். அதனால் முதலில் பெட்டி, அப்புறம் கட்டணம், அதன் பிறகே நிறுவனம் என்ற வரிசையில் போனோம்.

பில் எங்கே ஏறியது

ஷேட்டின் அடிவிட்டம் 38 செ.மீ., உயரம் 26 செ.மீ. எடை 700 கிராம்தான். கையிருப்பில் இருந்த 45 × 45 × 35 செ.மீ. அட்டைப்பெட்டியில் வைத்து, சுற்றிலும் கசக்கிய காகிதத்தைத் திணித்து அனுப்பினார்கள். தராசில் வைத்தால் மொத்தம் 1.8 கிலோ. எனவே கட்டணப் பட்டியலில் 2 கிலோவுக்கு உரிய தொகையை எடுத்து மதிப்பீட்டில் எழுதியிருந்தார்கள்.

கூரியர் நிறுவனம் பார்ப்பது இரண்டு எடைகளை. ஒன்று தராசு காட்டும் எடை. மற்றொன்று பெட்டி வண்டியிலும் விமானத்திலும் அடைத்துக்கொள்ளும் இடத்துக்கான கன எடை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, நிறுவனம் வைத்திருக்கும் வகு எண்ணால் வகுத்தால் அது கிடைக்கும். இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். இந்தப் பெட்டியின் கன அளவு 70,875. அந்த நிறுவனத்தின் வகு எண் 5000. வகுத்தால் 14.175. கட்டணம் அரை அரை கிலோப் படிகளில் (ஸ்லாப்) ஏறும் என்பதால் அது 14.5 கிலோவாக ஏறும். 2 கிலோ என்று நினைத்த இடத்தில் ஏழு மடங்குக்கும் மேல்.

ஆனால் பில்லில் பல வரிகளில் 16.5 என்று இருந்தது. குழுவினர் இதைத் தவறு என்று எண்ணிப் புகார் எழுதத் தயாராக இருந்தார்கள். அனுப்பத் தயாராக இருந்த ஒரு பெட்டியை மேசையில் வைத்து, ஓரத்தில் இல்லாமல் நடுவயிற்றில் டேப்பை வைத்து அளந்தோம். காகிதத்தை இறுக்கித் திணித்ததில் ஒவ்வொரு பக்கமும் உப்பி, 47 × 47 × 37 ஆகியிருந்தது. 81,733-ஐ 5000-ஆல் வகுத்தால் 16.35. அதாவது 16.5 கிலோ. பில் சரிதான். பார்சல்களைப் பிரித்து அனுப்பும் பெரிய மையங்களான ஹப்களில் பெட்டி கன்வேயர் பெல்ட்டில் ஓடும்போதே லேசரோ கேமராவோ அளவெடுத்துவிடுகிறது. அந்த இயந்திரத்துக்குப் பெட்டியின் அகலமான இடம்தான் அளவு. அட்டையில் அச்சிட்ட எண் அதற்குத் தெரியாது. கவுன்டரில் கொடுத்த நாட்களில் தராசை மட்டும் பார்த்துப் பணம் வாங்கியதால் இந்தக் கணக்கு கண்ணில் படவே இல்லை.

இந்த வகு எண்கள் எங்கிருந்து வந்தன என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. விமானச் சரக்கில் பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் வழக்கப்படி 6000 கன சென்டிமீட்டர் ஒரு கிலோவுக்குச் சமம். ஒரு கன மீட்டருக்குச் சுமார் 167 கிலோ. எக்ஸ்பிரஸ் கூரியர்கள் பரவலாக எடுத்துக்கொண்ட 5000 என்பது ஒரு கன மீட்டரை 200 கிலோவாகக் கணக்கிடுகிறது. நெடுங்காலம் கன எடைக் கணக்கு பெரும்பாலும் விமானப் பார்சலுக்கும் பெரிய பெட்டிகளுக்கும் மட்டுமே இருந்தது. 2014 டிசம்பர் கடைசியில் யுபிஎஸ்ஸும் 2015 ஜனவரியில் ஃபெடெக்ஸும் அமெரிக்காவில் தரைவழியில் போகும் சிறு பெட்டிகளுக்கும் இதை விரித்தன. இணைய விற்பனையில் பெட்டிக்குள் காற்றை அடைத்து அனுப்பும் பழக்கம் பெருகியதால், லாரி எடையில் நிரம்புவதற்கு முன்பே இடத்தில் நிரம்பிவிடுகிறது. நிறுவனங்களின் பக்கத்து நியாயம் அதுதான், அதில் தப்பில்லை.

பெட்டியை மாற்றியது

பொருளைச் சுற்றி 5 செ.மீ. மெத்தை வேண்டும் என்ற பொது விதியைக் குழுவினர் பின்பற்றியிருந்தார்கள். கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் அது நல்ல விதி. துணி போர்த்திய கம்பிக் கூட்டுக்கு அதிர்ச்சியால் பெரிய ஆபத்து இல்லை. மேலே பாரம் ஏறி நசுங்குவதும் பக்கத்திலிருந்து ஏதாவது குத்துவதும்தான் ஆபத்து. அதற்கு மருந்து கெட்டியான அட்டை. ஒற்றை நெளிவு அட்டையை விட்டு இரட்டை நெளிவு அட்டைக்கு மாறி, மூலைகளில் மடித்த அட்டைத் தூண்களை நிறுத்தினோம். காகிதத் திணிப்பு போயிற்று, வயிறு உப்புவதும் நின்றது.

புதுப் பெட்டிக்கு முதலில் வந்த வரைபடம் 41 × 41 × 31. கன எடை 10.42, ஆகவே 10.5 கிலோ ஸ்லாப். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு பக்கம் ஒரு சென்டிமீட்டர் உப்பினால் 42 × 41 × 31, அதாவது 10.68. ஸ்லாப் 11-க்குத் தாவிவிடும். உயரத்தை ஒரு சென்டிமீட்டர் குறைத்து 41 × 41 × 30 ஆக்கினோம். கன எடை 10.09. கட்டணம் அதே 10.5 கிலோதான், ஆனால் இப்போது ஒரு சென்டிமீட்டர் உப்பினாலும் 10.33-இல் நிற்கும். ஸ்லாப்பின் விளிம்பில் பெட்டி செய்யக் கூடாது. இந்த ஒரு சென்டிமீட்டருக்காக அட்டைப்பெட்டிக்காரரிடம் மறுபடி போய் நின்றதில் எனக்கு வருத்தமே இல்லை.

ஜோடியாக வாங்குபவர்களும் உண்டு. கூம்பு வடிவம் என்பதால் வாளிக்குள் வாளி வைப்பது போல ஒன்றுக்குள் ஒன்று உட்காரும். உயரம் 36 செ.மீ. ஆகிறது, கன எடை 12.1. இரண்டு ஷேட்டுக்கு 12.5 கிலோ. தனித்தனியாக அனுப்பினால் 21.

பெரிய மிச்சம் வந்தது வேறு இடத்தில். பீங்கான் அடிப்பாகம் தனிப் பெட்டியில் போய்க்கொண்டிருந்தது. அதற்கு 25 × 25 × 30 பெட்டி, தராசு எடை 3.6, கன எடை 3.75, ஆகவே 4 கிலோ ஸ்லாப். ஷேட்டின் உள்ளே வெற்றிடம் அப்படியே கிடக்கிறது. அந்த இடத்துக்குத்தான் 10.5 கிலோ கட்டுகிறோம். தராசு எடையோ 2 கிலோவைக்கூடத் தொடவில்லை. அடிப்பாகத்தை அந்த வெற்றிடத்தில் வைத்தாலும் மொத்த எடை 5 கிலோவுக்குச் சற்று மேல்தான் போகும். கட்டணம் ஒரு காசுகூட ஏறாது. காகிதத்தில் அருமையான யோசனை. நடைமுறையில் ஒரு கனமான பீங்கானை மெல்லிய துணிக்கு நடுவே வைப்பது ஆபத்தான வேலை.

அதனால் போட்டுப் பார்த்தோம். பாதுகாப்பான சரக்குப் போக்குவரத்துக்கான பன்னாட்டுச் சங்கமான இஸ்டாவின் 1ஏ சோதனையில், சுமார் 9.5 கிலோ வரை எடையுள்ள பெட்டியை 76 செ.மீ. உயரத்திலிருந்து விழவிடுவார்கள். ஒரு மூலை, அந்த மூலையிலிருந்து பிரியும் மூன்று விளிம்புகள், ஆறு பக்கங்கள் என்று மொத்தம் பத்து முறை. ஆய்வகம் இல்லாமலே தரையில் அதே வரிசையைப் பின்பற்றலாம். பபுள் ரேப்பில் மட்டும் சுற்றி வைத்த அடிப்பாகம் விளிம்பில் விழுந்ததும் துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. பீங்கானுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஷேட்தான் போயிற்று. அடுத்து, நடுவில் துளையிட்ட இரண்டு அட்டை வட்டுகளுக்கிடையில் அடிப்பாகத்தைச் செருகி, கீழ் வட்டைப் பெட்டியின் தளத்தோடு பசை போட்டு ஒட்டினோம். பத்து விழுதலையும் தாங்கியது. முன்பு ஒரு செட்டுக்கு ஷேட்டுக்கு 16.5, அடிப்பாகத்துக்கு 4 என்று 20.5 கிலோ கட்டியவர்கள் இப்போது 10.5 கிலோ கட்டுகிறார்கள். கிட்டத்தட்டப் பாதி. இது வரை எந்த நிறுவனத்தோடும் பேரம் பேசவில்லை.

கிலோ விலையை ஒப்பிடுவதில் உள்ள பொறி

பெட்டி உறுதியான பிறகே மூன்று நிறுவனங்களிடம் கட்டணம் கேட்டோம். பழைய நிறுவனத்தை முதல் நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். வகு எண் 5000, அரை கிலோ ஸ்லாப். இரண்டாவது நிறுவனத்தின் கிலோ விலை 12 சதவீதம் அதிகம். ஆனால் வகு எண் 6000, முழு கிலோவாக ஏற்றுவார்கள். மூன்றாவது நிறுவனம் கிலோவுக்கு 10 சதவீதம் குறைத்துச் சொன்னது. குழுவினர் அதைப் பார்த்ததும் மகிழ்ந்துவிட்டார்கள். அவர்களுடைய வகு எண் 4000.

முதல் நிறுவனத்தின் கிலோ விலையை 1 என்று வைத்து நம்முடைய பெட்டியைப் போட்டுப் பார்த்தால் கதை மாறுகிறது. முதல் நிறுவனத்தில் 10.5. இரண்டாவதில் கன எடை 8.4, ஏற்றினால் 9 கிலோ, 1.12-ஆல் பெருக்கினால் 10.08. மூன்றாவதில் கன எடை 12.6, ஏற்றினால் 13, 0.9-ஆல் பெருக்கினால் 11.7. கிலோ விலையில் மலிவாகத் தெரிந்தவர்தான் மூவரிலும் அதிகம் வாங்குகிறார். கட்டணப் பட்டியலை வாங்கும்போதே வகு எண் என்ன, எத்தனைக்கு எத்தனை ஏற்றுகிறார்கள், குறைந்தபட்ச எடை எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். நம்முடைய சொந்தப் பெட்டியின் அளவைக் கொடுத்து, இந்த ஊருக்கு வரி உள்பட எவ்வளவு என்று கேட்பது இன்னும் நேரான வழி.

அடிப்படைக் கட்டணத்துக்கு மேலே வருபவை தனி. எரிபொருள் கட்டணம் ஒரு சதவீதமாக வரும், வாரத்துக்கோ மாதத்துக்கோ மாறும். மதிப்பீட்டில் இன்றைய சதவீதத்தைப் போடாமல், கடந்த சில மாதங்களில் இருந்த உச்ச சதவீதத்தைப் போட்டோம். தொலைதூரப் பகுதிக் கட்டணம், முகவரி திருத்தக் கட்டணம், அளவு மீறிய பெட்டிக் கட்டணம், டெலிவரியின்போது பணம் வாங்கித் தருவதற்கான கட்டணம் என்று மற்றவை உண்டு. சில நிறுவனங்கள் இந்தக் கூடுதல்களின் மேலும் எரிபொருள் சதவீதத்தைப் போடுகின்றன; பில்லில் கூட்டல் எந்த வரிசையில் நடக்கிறது என்று பார்த்தால்தான் அது தெரியும். பழைய பில்களில் முகவரி திருத்தக் கட்டணம் அடிக்கடி வந்திருந்தது. ஆர்டர் படிவத்தில் கதவு எண்ணுக்குத் தனிக் கட்டம் வைத்ததும் அது ஏறக்குறைய நின்றுவிட்டது.

நம்பகம்: தேதியும் தடயமும்

இரண்டாவது நிறுவனம் முதல் நிறுவனத்தைவிட 4 சதவீதம் மலிவு. அத்தோடு முடித்துக்கொள்ளாமல் ஒரு கணக்கைச் சேர்த்தோம். பார்சல் திரும்பி வந்தால் போன செலவு வீண், திரும்பும் செலவு ஒன்று, மறுபடி அனுப்பும் செலவு ஒன்று. திரும்பும் கட்டணமும் அனுப்பும் கட்டணமும் ஒன்றே என்றால், நூற்றுக்கு இரண்டு பார்சல் கூடுதலாகத் திரும்பினாலே நூறு டெலிவரிக்கு 104 பார்சல்களின் கட்டணம் ஆகிவிடும். அந்த 4 சதவீத மிச்சம் அங்கேயே கரைந்துவிடும். வாடிக்கையாளர் மனம் மாறிப் பணத்தைத் திருப்பிக் கேட்பதை இதில் சேர்க்கவே இல்லை.

எனவே தெரிந்தவர்களின் முகவரிகளுக்கு இரு நிறுவனங்கள் வழியாகவும் சோதனைப் பார்சல்கள் போயின. நகரத்து அடுக்குமாடி, புறநகர், சிறு ஊர், பேருந்து அரிதாகப் போகும் உட்பகுதி என்று கலந்து தேர்ந்தெடுத்தோம். விலையுயர்ந்த ஷேட்டுகள் வேண்டாம், அதே அளவுப் பெட்டியில் பழைய மாதிரிகள் போதும். பெறுபவர்கள் பெட்டி வந்த நிலையைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும், வீட்டில் இருந்தார்களா, போன் வந்ததா என்று குறித்துவைக்க வேண்டும்.

நகரங்களில் இரண்டாவது நிறுவனம் நன்றாகவே செய்தது. ஸ்கேன்கள் ஒழுங்காக விழுந்தன, போன் வந்தது, பெட்டி நசுங்கவில்லை. உட்பகுதிகளில் வேறு நிலைமை. பிக்கப், ஹப், கிளை வரை சரியாக வந்த பார்சல் கிளையில் படுத்துக்கொண்டது. ஒரு முகவரியில் மாலை நேரத்தில் "வீடு பூட்டியிருந்தது" என்று பதிவு விழுந்தது. வீட்டில் ஆள் இருந்தார், போனும் வரவில்லை. பக்கத்து ஊருக்குப் போன மற்றொரு சோதனைப் பார்சலிலும் சில நிமிட வித்தியாசத்தில் அதே பதிவு. இரண்டு ஊர்களுக்கும் இடையே இருக்கும் தூரத்தை அந்த நிமிடங்களில் எந்த வண்டியும் கடக்க முடியாது. கிளையில் உட்கார்ந்தபடியே நாள் முடிவதற்குள் பதிவை முடித்திருக்கிறார்கள் என்றுதான் அதைப் படிக்க முடியும். டெலிவரி ஆளை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உட்பகுதிக்கு ஒரே ஒரு ஆளை வைத்து, ஒரு பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்தால் தூரத்துப் பெட்டி பின்னுக்குத்தான் போகும். ஆனால் பார்சலை அனுப்புபவர் அந்தப் பதிவைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

சராசரி நாட்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரு நிறுவனங்களின் சராசரியும் அருகருகே இருந்தன. பத்தில் ஒன்பது பார்சல்கள் எத்தனை நாளில் போய்ச் சேர்ந்தன என்று பார்த்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. முதல் நிறுவனத்தில் தாமதமானவையும் ஓரிரு நாளில் சேர்ந்தன. இரண்டாவதில் தாமதமானவை வாரக்கணக்கில் இழுத்தன. வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுக்க அந்தப் பத்தில் ஒன்பது கணக்கையே எடுத்துக்கொண்டோம்.

அதன்படி எடுத்த முடிவு: நகர முகவரிகளுக்கு இரண்டாவது நிறுவனம், மற்ற இடங்களுக்கு முதல் நிறுவனம். ஒரே நிறுவனத்தில் எல்லாவற்றையும் கொடுத்தால் தள்ளுபடி கூடும் என்று இரு பக்கமும் பேசினார்கள். உட்பகுதியில் திரும்பும் பார்சல்களைச் சேர்த்துப் பார்த்தபோது அந்தத் தள்ளுபடி போதவில்லை.

உடைந்தால் யார் பொறுப்பு

கட்டணம் கன எடைக்கு. இழப்பீடு பெரும்பாலும் தராசு எடைக்கு. இதைப் பலர் கவனிப்பதில்லை. நாடுகளுக்கிடையே விமானத்தில் போகும் சரக்குக்கு 1999-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை ஒரு உச்சவரம்பு வைக்கிறது. 2024 டிசம்பர் 28 முதல் அது கிலோவுக்கு 26 எஸ்டிஆர். எஸ்டிஆர் என்பது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு. 10.5 கிலோவுக்குக் கட்டணம் கட்டிய தனி ஷேட் காணாமல் போனால், 2 கிலோவுக்கும் குறைவான எடைக்குத்தான் அந்த வரம்பு பேசும். முன்கூட்டியே மதிப்பை அறிவித்து அதற்கான தொகையைக் கட்டினால் அறிவித்த மதிப்பு வரை கேட்கலாம். அதே உடன்படிக்கையின்படி சேதத்தைப் பெட்டி பெற்ற 14 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். உள்நாட்டுக் கூரியர்களின் நிபந்தனைகளில் இந்தக் கெடு இன்னும் குறைவாக இருப்பது சகஜம்.

காப்பீட்டில் கோரிக்கை நிராகரிக்கப்படும் இடம் பெரும்பாலும் "பேக்கிங் போதாது" என்ற வரிதான். மூடுவதற்கு முன் ஒரு படம், எல்லா மூட்டிலும் டேப் ஒட்டிய பின் லேபிளோடு ஒரு படம் என்று பேக்கிங் செய்பவரே எடுத்து ஆர்டர் எண்ணில் சேமிக்கிறார். செட்டாகப் போகும் பெட்டிகளுக்கு மட்டும் மதிப்பு அறிவிக்கிறார்கள். தனி ஷேட்டுக்கு அந்தத் தொகை கட்டுப்படியாகவில்லை.

வெளிநாட்டு ஆர்டர்கள்

இவை குறைவு, சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அஞ்சலில் போகும் சிறு பொட்டலத்துக்கு 2 கிலோ வரை எடையும், மூன்று அளவுகளின் கூட்டுத்தொகை 90 செ.மீ. வரையும்தான் அனுமதி. நம்முடைய பெட்டியின் கூட்டுத்தொகை 112. எனவே ஷேட் கூரியரில்தான் போக வேண்டும். மாற்றுத் துணி உறை மட்டும் கேட்பவர்களுக்கு அஞ்சல் அருமையாகப் பொருந்துகிறது. முதலில் இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் அனுப்பும் நாட்டின் இரண்டு எழுத்து என்ற 13 குறிகள் கொண்ட எண் இருந்தால், போய்ச் சேரும் நாட்டின் அஞ்சல் தளத்திலும் அதைத் தேடலாம்.

சுங்க வரியை வாங்குபவர் கட்டுவாரா, அனுப்புபவரே கட்டுவாரா என்பதை ஆர்டர் எடுக்கும்போதே எழுதிவிடுகிறார்கள். வரியைக் கேட்டதும் பெட்டியை வாங்க மறுத்துவிட்டால் திரும்பி வரும் செலவு பொருளின் விலையையே தாண்டக்கூடும். அறிவிப்புப் படிவத்தில் "கைவினைப் பொருள்" என்று பொதுவாக எழுதாமல், துணி லேம்ப் ஷேட் என்று பொருளையும் ஆறு இலக்கச் சுங்கக் குறியீட்டையும் எழுதியதிலிருந்து விசாரணைக்காக நிற்பது குறைந்திருக்கிறது. லித்தியம் பேட்டரி உள்ள பல்புகளை வெளிநாட்டுப் பெட்டியில் வைப்பதை நிறுத்திவிட்டார்கள். விமானத்தில் அவற்றுக்குத் தனி விதிகளும் லேபிளும் உண்டு. ஒரு பல்புக்காக முழுப் பெட்டியும் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

இப்போது நடப்பது

ஒவ்வொரு மாதமும் பில் வந்ததும் பில்லில் உள்ள எடையை நாம் அனுப்பிய பெட்டி எடையோடு வரிசையாக ஒப்பிடுகிறார்கள். 10.5 இருக்க வேண்டிய இடத்தில் 11 வந்தால், அளவு டேப் வைத்து எடுத்த படத்தோடு எதிர்ப்பு எழுதுகிறார்கள். அதற்கும் கெடு உண்டு என்பதால் பில் வந்த வாரத்திலேயே முடித்துவிடுகிறார்கள்.

அடுத்த வேலை ஷேட்டின் வடிவத்தில். கம்பிக் கூட்டைக் கழற்றி மடக்கும்படி செய்தால் 41 × 41 × 8 பெட்டி போதும். கன எடை 2.69, அதாவது 3 கிலோ. அடிப்பாகம் மறுபடி தனிப் பெட்டிக்குப் போனாலும் செட்டுக்கு 7 கிலோதான். மாதிரி தயாராகியிருக்கிறது. துணியை வளையத்தில் பூட்டும் கொக்கிகளை வாங்குபவர் கருவி இல்லாமல் மாட்ட முடிகிறதா என்று இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மேல் வளையத்தின் கொக்கி இன்னும் கையை உறுத்துகிறது, அதை வளைக்கும் கோணத்தை மாற்ற வேண்டும்.